காளியண்ணனின் மூன்று கட்டை டார்ச்

எங்கள் பொதுக்கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வெளிச்சம் மட்டும் நின்ற கோடையைப் பற்றிச் சொல்கிறேன். சொல்கிற எனக்குக் காளியண்ணனைப் பிடிக்காது, அவனுக்கும் என்னைப் பிடிக்காது, ஆகவே அவனைப் பற்றி என் வாயால் வருகிற நல்ல வார்த்தை எதுவானாலும் அது வேறு வழியில்லாமல் வருவது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காளியண்ணன் என் சித்தப்பன் மகன், எனக்கு இரண்டு வயது இளையவன். நேராக இருந்த என் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய் வளைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முன்னாலேயே அப்படித்தான் இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன். என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வருகிற சமயம் பார்த்து இலையை மூடிவிட்டு எழுந்தவன். அன்றோடு பேச்சு நின்றது. அது ஆயிற்று இருபத்திரண்டு வருஷம். அவன் வெள்ளாமைக் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவில் என் அண்ணன் சம்சாரம் ரங்கம்மாளின் எருமை கட்டியிருக்கும். அவனுக்குச் சொல்ல வேண்டியதை நான் எருமையிடம் சொல்வேன், எனக்குச் சொல்ல வேண்டியதை அவன் எருமையிடம் சொல்வான். எருமை இரண்டு பக்கமும் தலையை ஆட்டும். எங்கள் ஒட்டங்காட்டுப்புதூரில் இதை யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை.

கிணறு நாலு பங்கு. எனக்கு ஒன்று, காளியண்ணனுக்கு ஒன்று, ரங்கம்மாளுக்கு ஒன்று, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பங்காளி சுப்பராயனுக்கு ஒன்று. ஆளுக்கு இரண்டு நாள் முறை, எட்டு நாளில் ஒரு சுற்று. தண்ணீர் மட்டும் அல்ல, கிணற்றுக்குள் இருக்கிற எதுவும் முறைதான். தூர் வாரினால் வண்டல் நாலு குவியல், மீன் பிடித்தால் நாலு கூறு, கல்லிடுக்கில் புறா முட்டையிட்டால்கூட அது யார் முறையில் இட்டது என்று பார்ப்போம். எங்கள் தாத்தன் செய்துவைத்த ஏற்பாடு.

நூறடிக் கிணறு. பாதி ஆழம் வரை கல்படி, அதற்குக் கீழே இரும்பு ஏணி. அடியில் கிழக்குப் பக்கப் பாறையில் படுக்கைவாட்டில் ஒரு துளை போட்டிருந்தோம், குடம் நுழைகிற அகலம், உள்ளே எத்தனையோ அடி நீளம். எங்கள் தண்ணீர் எல்லாம் அந்தத் துளை வழியாக வருவதுதான். அந்தப் பங்குனியில் அது நின்றது. முதலில் கையளவு வந்தது, பிறகு விரலளவு, பிறகு பாறையில் வியர்வை மாதிரி ஒரு ஈரம், பிறகு அதுவும் இல்லை. துளை போட்ட மிஷின்காரரைக் கூட்டிவந்து காட்டினோம். உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, என்ன அடைப்பு, எத்தனை அடியில் என்று தெரியாமல் பைப்பை விட்டால் பைப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும், பார்த்துச் சொல்லுங்கள் வருகிறேன் என்று போய்விட்டார். செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தோம், பத்தடிக்கு மேல் இருட்டு அதைத் தின்றுவிட்டது.

மற்றவர்களுக்குத் தென்னையும் மாட்டுக்குச் சோளத்தட்டுக் காடும். அது தாங்கும். எனக்கு அறுநூறு வாழை, அத்தனையும் தார் தள்ளி நிற்கிறது. அந்த வெயிலில் தார் தள்ளிய வாழைக்கு இருபது நாள் தண்ணீர் இல்லையென்றால் இடுப்பொடிந்து விழும். இருபது நாள் என்பது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரி பாவாத்தாளுக்கும் தெரியும், காளியண்ணனுக்கும் தெரியும்.

காளியண்ணனிடம் அவன் அப்பன் காலத்துப் பித்தளை டார்ச் ஒன்று உண்டு. மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச், முழங்கை நீளம். பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்சு தேய்ந்துபோய், கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். டவுனில் செல்போன் கடைக்காரரிடம் சொல்லி, ஒரு புது சுவிட்சும் ஒரு கண்ணாடியும் வரவழைத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டலம். ஒரு மத்தியானம் மோட்டார் ரூம் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து அதைப் பிரித்தான். நான் என் வாழைக்குள் குந்தியிருந்து பார்த்தேன். களை பிடுங்கத்தான் போனேன், ஆனால் ஒரு களையும் பிடுங்கவில்லை.

அவன் கை வேலையைப் பார்க்க வேண்டும். தலையைத் திருகி எடுத்தான், பழைய தட்டைக் கண்ணாடியை எடுத்தான், உள்ளே இருக்கிற பளபளப்புக் கிண்ணத்தை ஊதி ஊதி வேட்டி நுனியால் துடைத்தான், கிண்ணத்தின் மேல் விரல்ரேகை ஒன்றுகூட விழாமல் துடைத்தான். பக்கவாட்டு சுவிட்சை அரத்தால் ராவி எடுத்து, அது இருந்த ஓட்டையில் பித்தளைத் துண்டை வைத்து ஈயம் பற்றவைத்து, மறுபடி ராவி, தடவினால் ஓட்டை இருந்த இடம் தெரியாமல் செய்தான். புது சுவிட்சு பின்மூடியில் உட்கார வேண்டியது. மூடியை உள்ளுக்குள் நூல் நூலாகச் சுரண்டினான், வைத்துப் பார்த்தான், எடுத்தான், இன்னும் ஒரு நூல் சுரண்டினான், வைத்தான். பிறகு ஸ்பிரிங்கை அதன் முதுகில் பற்றவைத்தான். அவசரம் என்பதே இல்லை. பந்தியில் இலையை மூடின கைதானா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

புதுக் கண்ணாடி ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்திருந்தது. அதைச் சுற்றிப் போட ரப்பர் வளையம் ஒன்று பொட்டலத்தில் இருந்தது; அவன் சாக்கின்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் ரங்கம்மாளின் கோழி அதை மண்புழு என்று நினைத்துக் கொத்தி விழுங்கிவிட்டது. அவன் கோழியைப் பார்த்தான், கோழி அவனைப் பார்த்தது. மோட்டார் ரூமுக்குள் போய் ஒரு பழைய புட்வால்வை எடுத்துவந்தான். கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுகிற சாமான் அது; மோட்டார் போட்டால் தண்ணீரை மேலே விடும், நிறுத்தினால் ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்க விடாது. அதற்குள் இருக்கிற ரப்பரைக் கத்திரித்து வளையம் செய்து கண்ணாடிக்குப் போட்டுத் தலையைத் திருகினான். எந்த டார்ச்சிலும் அணைத்தவுடன் வெளிச்சம் வந்த வழியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் அது திரும்பிப் போக வழி இல்லாமல் போயிற்று. வேறு காரணம் எனக்குத் தெரியாது.

மோட்டார் ரூம் சுவரில் அடித்துப் பார்த்தான். தோசைக்கல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. பொத்தானை அழுத்தி அணைத்தான். வட்டம் அங்கேயே இருந்தது. உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், கடைசியில் அதன்மேல் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுத்த தடவை அடித்தான். அது குறி தவறி எருமையின் விலாவில் விழுந்து அதுவும் நின்றுவிட்டது.

ரங்கம்மாள் தட்டுக் கட்டோடு வந்தவள் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, என்ற எருமைக்குப் பொட்டு வெச்சுட்டீங்களா?"

"தெரியாம பட்டுருச்சுங்க நங்கை."

"வெச்சதுதான் வெச்சீங்க, நெத்தியில வெச்சிருக்கக் கூடாதா. விலாவுல வெச்சா எந்த மாப்பிள்ளைக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் அவள் எருமையைச் சமையல்கட்டு ஜன்னலோரம் பிடித்துக் கட்டிக்கொண்டாள். விடியுமுன் அடுப்பு மூட்ட விளக்கு வேண்டியதில்லை, எருமை திரும்பி நின்றால் மட்டும் எழுந்து போய்த் திருப்ப வேண்டும். கறக்கிற பாலும் கொஞ்சம் வெள்ளை கூடியது என்று பால் ஊற்றிக்கொண்டு போகிறவர் சொன்னார். அவர் தண்ணீர் கலக்கிறவர், அவர் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காளியண்ணன் கிணற்றில் இறங்கினான். அவன் முறை. துளை வாயில் டார்ச்சை வைத்துப் பொத்தானை அழுத்தினான், வெளிச்சம் ஊசிபோல நேராகப் போய்க்கொண்டே இருந்தது, இருட்டால் அதைத் தின்ன முடியவில்லை, கடைசியில் எதன்மேலோ போய் முட்டி நின்றது. அணைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். வெளிச்சம் துளை முழுக்க அப்படியே கிடந்தது. யார் வேண்டுமானாலும் இறங்கிப் பார்க்கலாம், ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டாம், மின்கட்டை தீருமே என்ற பயம் வேண்டாம், சாவகாசமாகக் குந்திப் பார்க்கலாம். இப்படி ஒரு சௌகரியம் எந்தக் கிணற்றுக்கும் வாய்த்ததில்லை.

ஊர் இறங்கிப் பார்த்தது. பள்ளிக்கூட டீச்சர் பார்த்தார், கோயில் பூசாரி பார்த்தார், மிஷின்காரர் இரண்டு தடவை இறங்கிப் பார்த்தார். புறாக்கள் இரவு பகல் தெரியாமல் இரண்டு நாள் கத்திவிட்டுப் பிறகு பழகிக்கொண்டன. லைன்மேன் வந்து, அனுமதி இல்லாமல் கிணற்றுக்குள் லைட் போட்டிருப்பதாகத் தகவல் என்றார். இறங்கி டெஸ்டரை வைத்துப் பார்த்தார், டெஸ்டர் எரியவில்லை, இதில் கரண்ட் இல்லை, எனக்கு வேலையில்லை என்று மோர் குடித்துவிட்டுப் போனார். சுப்பராயன் திருப்பூரிலிருந்து ரங்கம்மாளுக்குப் போன் போட்டான்.

"கெணத்துக்குள்ள வெளிச்சம் நிக்குதாமா?"

"நிக்குதப்பா."

"கெணத்துக்குள்ள இருக்கறது பூராப் பொதுவு. என்ற பங்கைத் தனியா எடுத்து வெய்யிங்க."

"எதுல எடுத்து வெக்கறது? அண்டாவுலயா?"

"மூடி இருக்கற பாத்திரமாப் பாருங்க."

தாத்தன் ஏற்பாட்டை மீற முடியாது. எனவே வெளிச்சத்துக்கும் முறை வைத்தோம். ரங்கம்மாள் தன் முறையில் துளை வாயில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். காளியண்ணன் தன் முறையில் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். சுப்பராயன் முறை சும்மா கிடந்தது, அதை யாரும் தொடவில்லை. என் முறை வந்தபோது நான் இறங்கினேன். குந்திப் பார்த்தேன்.

வெள்ளையான துளை, பளிங்கு மாதிரி, கடைசியில் செம்பழுப்பாக ஒரு வேர். தொடை தடிமன் வேர் பாறையைப் பிளந்துகொண்டு வந்து, துளைக்குள் நுழைந்ததும் ஆயிரம் மயிராகப் பிரிந்து, கூடு கட்டின மாதிரி அடைத்துக்கொண்டு இருந்தது. வெளிச்சம் அதன் ஒவ்வொரு மயிர்மீதும் உட்கார்ந்திருந்தது. மேலே ஏறிவந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே காளியண்ணன் அளந்தான். துளைக்குள் பைப்பை வேர் வரை விட்டு அடையாளம் போட்டு எடுத்து, அதே நீளத்துக்குக் கயிற்றை வெட்டி, கிணற்று மேட்டிலிருந்து நேர் கிழக்கே தரையில் இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் ரங்கம்மாள், மிஷின்காரர், ஊர். நான் கட்டிலில் இருந்தபடியே பார்த்தேன். கயிறு மோட்டார் ரூமைத் தாண்டியது, எருமை நின்ற இடத்தைத் தாண்டியது, வரப்பில் ஏறியது. என் புளியமரத்தின் அடியில் போய் முடிந்தது.

அந்தப் புளியமரத்தை நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடப்பாரை வளைந்து வந்த மறுமாதம் வைத்தேன். புளியமரத்து நிழலில் ஒன்றும் முளைக்காது. வரப்பு என்னுடையது, நிழல் காலை வெயிலில் அவன் காட்டில் விழும். அதற்காகவே மேற்கு ஓரமாகப் பார்த்துக் குழி தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டேன். பத்து சென்ட் நிலத்தில் அவனுக்கு ஒரு செடி எழும்பவில்லை. ஒரு தடவைகூட அவன் எருமையிடம் அதைப்பற்றிச் சொன்னதில்லை.

காளியண்ணன் கயிற்றின் நுனியை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். மரத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு டீ குடிக்கப் போய்விட்டான்.

நான் மூன்று நாள் அசையவில்லை. வெளிச்சமும் அசையவில்லை. அதுதான் அந்த டார்ச்சின் கெட்ட குணம். ஒரு தடவை காட்டினதை அது காட்டிக்கொண்டே இருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள்கூடக் கிணற்றில் இறங்கி வேரைப் பார்த்துவிட்டு, மேலே வந்து என் கட்டிலைக் கடந்து போனார்கள். வெற்றிலைபாக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பாவாத்தாள்தான் பேசினாள்.

"ஏனுங், மொத வரிசையில நாலு வாழ சாஞ்சிருச்சுங்க."

"முட்டுக் குடு."

"எத்தன மரத்துக்குங்க முட்டுக் குடுக்கறது? உங்க கோவத்துக்கு யாரு முட்டுக் குடுக்கறது?"

"புளியமரத்த வெட்டுன்னு அவன் சொல்லட்டும் பாக்கலாம்."

"அவரு எதுக்குங்க சொல்றாரு. எருமைகிட்டத்தான் சொல்லிப்போட்டாரே, வேரு இருக்கற எடத்தக் காட்டினேன், மரத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலன்னு."

நாலாம் நாள் மிஷின்காரரும் காளியண்ணனும் பைப்பின் நுனியில் கொக்கி வைத்து உள்ளே விட்டு வேரைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு கையும் சும்மா இருந்ததால் இழுக்க முடிந்தது. வெளிச்சம் தானாக நின்றது. கீழே அவர்கள் இழுத்தார்கள், மேலே காற்றில்லாத வெயிலில் என் புளியமரம் தலையை ஆட்டியது, பழம் சடசடவென்று உதிர்ந்தது. விட்டார்கள், மரம் நின்றது. இழுத்தார்கள், ஆடியது. வேர் வரவில்லை. மரம் நிற்கும்வரை வேர் வராது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மிஷின்காரர் மேலே ஏறிவந்து கையைக் கழுவிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு முப்பது வாழை சாய்ந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். யாருக்காகவும் போகவில்லை, வாழைக்காகப் போனேன். முதல் வெட்டு விழுந்ததும் கிணற்றுப் பக்கம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. காளியண்ணன் இறங்கினான், தனியாக. நான் வெட்டினேன். மத்தியானத்துக்குள் மரம் சாய்ந்தது, என் காட்டுப் பக்கமே சாய்ந்தது. கடப்பாரையால் அடிமண்ணைப் பறித்து, கிளைவேரை எல்லாம் அறுத்து, நடுவில் இறங்குகிற ஆணிவேருக்கு வந்தேன். அதைக் கையால் பிடித்தேன். அது இழுபட்டது.

கீழே அவன் கொக்கி போட்டுப் பிடித்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். நான் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிறுத்தினேன், அவன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினான். நான் வெட்டினேன், அவன் இழுத்தான். எங்கள் நடுவில் அத்தனை மண்ணும் அத்தனை பாறையும் இருந்தன, எருமை இல்லை. அவன் களைத்தால் எனக்குத் தெரிந்தது, நான் மூச்சு வாங்கினால் அவன் காத்திருந்தான். இப்படி எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியாது. கடைசி வெட்டில் வேர் என் கையிலிருந்து பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி மண்ணுக்குள் சரசரவென்று போயிற்று. குழிக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துளைக்குப் பின்னால் ஒரு மாதத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, துளை வாயில் அவன் நிற்கிறான்.

ஓடினேன். முட்டிவலிக்காரன், வரப்பில் இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினேன். கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொந்தளித்தது, வெளிச்சத்தைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் சுழன்றது, ஆளைக் காணோம்.

"காளியண்ணா," என்று கத்தினேன். "டேய் காளியண்ணா, மேல வாடா."

ஏணியின் கடைசிப் படியில் ஒரு கை தெரிந்தது. பிறகு தலை. அவன் ஏறினான். தலைமயிரிலும் மீசையிலும் புருவத்திலும் வெளிச்சம் சொட்டச் சொட்ட ஏறினான், அவன் மிதித்த படியெல்லாம் ஈரமாக மின்னியது. மேலே வந்து உட்கார்ந்து இருமினான். இடுப்பில் டார்ச் இருந்தது.

"ஏனுங்ணா இப்பிடிக் கத்தறீங்க? வந்துட்டுத்தான இருக்கறேன்," என்றான். என் முகத்தைப் பார்த்து. "ஏணி ஏறத் தெரியாதவனா நானு?"

"ஏறத் தெரிஞ்சவன்தான். ஏணி உங்கப்பன் போட்டது."

"எங்கப்பன் போட்டதுனாலதான் அறுந்து விழாம இருக்குது."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் மடியில் எறிந்தேன்.

அவன் எழுந்து போய் மோட்டாரைப் போட்டான். தொட்டியில் தண்ணீர் விழுந்தது, வெளிச்சம் கரைந்த தண்ணீர், பால் பொங்குகிற மாதிரி விழுந்து வாய்க்காலில் இறங்கியது. அன்று அவன் முறை, முதல் நாள். தாத்தன் ஏற்பாடு இருக்கிறது, நான் ஓரமாக நின்றேன். காளியண்ணன் தன் தென்னைக்குப் போகிற மடையைக் காலால் மண் தள்ளி மூடினான், என் வாழைக்குப் போகிற மடையைக் காலால் இடித்து உடைத்தான்.

"உன்ற மொறைடா இது," என்றேன்.

"தெரியுமுங். தென்னை ஒரு வாரந் தாங்கும். மம்பட்டிய எடுத்துக்கிட்டு உள்ள போங்க, பேசிக்கிட்டு நின்னா தண்ணி மேட்டுல ஏறிப்போயிரும்."

வாழைக்குள் போனேன். பட்டப்பகலிலும் உள்ளே நிழல் கட்டி இருட்டாக இருக்கும். வெள்ளைத் தண்ணீர் வரிசை வரிசையாக நுழைந்தது, சாய்ந்த மரத்தையும் சாயாத மரத்தையும் ஒன்று போலத் தொட்டுக்கொண்டு போயிற்று. நான் வரிசையின் ஒரு தலைப்பில் மண்ணை இழுத்துக் கட்டினேன். தண்ணீர் எங்கேயோ ஒழுகுகிறது என்று பார்த்தால், எதிர்த் தலைப்பில் ஒருவன் ஏற்கெனவே குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். கடைசி வரிசை நனைகிறவரை ஆளுக்கொரு பக்கம் நின்றோம். நடுவில் தண்ணீர் ஓடியது. அது கீழிருந்து அவன் முகத்துக்கு வெளிச்சம் காட்டியது. கன்னம் ஒட்டியிருந்தது, முன்பல் இரண்டு இல்லை, புருவம் நரைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக தினமும் பக்கத்துக் காட்டில் நின்றவனுக்கு வயதாகியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.